அந்தத் துறவியைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள்

கடற்கரை ஓவியம் ஒன்றைப் பார்க்கும்போது அதன் மனநிலையையும் குறியீடுகளையும் எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதைக் கற்றுத் தந்தது ஒரே ஓவியம்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்த ‘கடலோரத் துறவி’ அது. இப்போது பெர்லினில் இருக்கிறது. கீழே வெளிறிய மணல்மேடு, அதற்கு மேல் ஒரு கறுத்த பட்டையாகக் கடல். முக்கால் பங்குக்கு மேல் வானம்தான். மணலில் ஒரு துறவி கடலைப் பார்த்து நிற்கிறார். என்னிடம் இருக்கும் அச்சுப் படத்தில் அவர் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

இணையத்தில் படத்தைத் திறந்து, அவரைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். வெறும் மேகமூட்டமாகிவிடும். கடல் எவ்வளவு தூரம், வானம் எவ்வளவு உயரம், எதுவும் பிடிபடாது. விரலை எடுத்தால் அத்தனையும் ஒரே நொடியில் பிரம்மாண்டமாகிவிடும். படத்தின் தனிமை அவர் முகத்தில் இல்லை, முகம் சரியாகத் தெரிவதுகூட இல்லை. அந்த அளவு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், என்ன இல்லை என்று பாருங்கள். எனக்கு இதுதான் மிக முக்கியம். அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, ஃப்ரீட்ரிஷ் முதலில் பாய்மரக் கப்பல்களை வரையத் தொடங்கி, பிறகு அவற்றின் மேல் வண்ணம் பூசி மறைத்தது தெரியவந்தது. கப்பலின் அர்த்தம் தெரியாதவரா அவர்? பிற்காலத்தில் ‘வாழ்வின் பருவங்கள்’ ஓவியத்தில் கரையில் ஐந்து பேரையும் கடலில் ஐந்து கப்பல்களையும் வைத்தவர். அப்படிப்பட்டவர் இங்கே கப்பலை எடுத்துவிட்டார் என்றால், இந்தத் துறவிக்கு வருவதற்கும் யாரும் இல்லை, போவதற்கும் வழி இல்லை. கப்பல் என்றால் பயணம், பறவை என்றால் ஆன்மா என்று பட்டியல் வைத்துப் படித்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கவே படாது.

1810இல் பெர்லினில் இது காட்சிக்கு வந்தபோது எழுத்தாளர் க்ளைஸ்ட், கண்ணிமைகளை வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுதினார். எவ்வளவு சரியான வார்த்தை! வழக்கமான நிலக்காட்சியில் இரண்டு பக்கமும் மரமோ பாறையோ நின்று பார்வையை உள்ளே அழைத்துப்போகும். இங்கே அப்படி எதுவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ள இடமில்லை.

ஃப்ரீட்ரிஷின் தம்பி 1787இல் தண்ணீரில் மூழ்கி இறந்தார். இந்தச் சோகத்துக்கு அதுவே காரணம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் வாழ்க்கை வரலாற்றைக் கடைசியில் படியுங்கள், முதலில் படம்.

சரி, இன்னொரு தடவை துறவியிடம் வாருங்கள். அவர் தலை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அந்தக் கறுத்த கடல் பட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அத்தனை பெரிய வானத்தில் ஒரு துளியைக்கூட அவர் தொடவில்லை.