மத்தியானம் மிஞ்சும் சோலார் கரண்டை என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்து ஓட்டுவது), 540 வாட் பேனல் பத்து, 48 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறோம். காலை 11 மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பிவிடுகிறது, அப்புறம் வருவதெல்லாம் வீண். நெட் மீட்டர் (வெளியே போகும் கரண்டையும் கணக்கெடுக்கும் மீட்டர்) இன்னும் வைக்கவில்லை. இன்வெர்ட்டரின் பேக்கப் அவுட்புட்டை (ஈ.பி. போனாலும் கரண்ட் தரும் முனை) ஒரு எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) வழியாக, வீடு முழுக்கக் கரண்டைப் பிரித்துத் தரும் மெயின் டிபி பாக்ஸில் கொடுத்தால் மோட்டார், கீசர் எல்லாம் ஓடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா சார்? - வாசகி, காங்கேயம்

பதில்: செய்யவே செய்யாதீர்கள் அம்மா. பேக்கப் லைனும் ஈ.பி. லைனும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஈ.பி. இருக்கும்போது தொட்டால் இன்வெர்ட்டர் எரிந்துவிடலாம். ஈ.பி. போன நேரத்தில் நடப்பதுதான் பயங்கரம்: உங்கள் வீட்டு 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறலாம், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் உயிர் போய்விடும். ஈ.பி. போனதும் துண்டித்துக்கொள்ளும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) இன்வெர்ட்டரின் கிரிட் முனையில்தான், அதாவது ஈ.பி. லைன் சேரும் இடத்தில்தான் இருக்கிறது, பேக்கப் முனையிலிருந்து சுற்றிக் கொண்டுவந்தால் அதற்கு வேலையே இல்லாமல் போகிறது.

லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் மட்டும் பேக்கப்புக்குத் தனி டிபியில் இருக்கட்டும். மோட்டாரும் கீசரும் மெயின் பக்கமே இருக்கட்டும். 1 ஹெச்.பி. மோட்டார் 746 வாட்தான் என்றாலும் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், பேக்கப்பில் போட்டால் டிரிப் ஆகும். நல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டர், ஈ.பி. இருக்கும்வரை கிரிட் முனை வழியாகவே மெயின் பக்க லோடுக்கும் சோலார் கரண்டைத் தரும். உங்களுடையது தருமா என்று மேனுவலில் பாருங்கள், ஹைபிரிட் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் இந்த வசதி கிடையாது. இப்படிக் கிரிட்டோடு சேர்த்து ஓட்ட மின்வாரிய அனுமதியும் வேண்டும்.

வெளியே கரண்ட் போகாமல் தடுக்க, மீட்டருக்கும் மெயின் டிபிக்கும் நடுவில் பேஸ் ஒயர் மேல் சி.டி. கிளிப் (கரண்ட் எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்லும் சென்சார்) மாட்டுவார்கள். அதில் ஒரு அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டினால் வீட்டுக்குள் வரும் கரண்டை வெளியே போவதாக இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்ளும். சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று தெரிய, பேட்டரி நிரம்பிய மத்தியானத்தில் 2 கிலோவாட் கீசரைப் போட்டுப் பாருங்கள், திரையில் சோலார் உற்பத்தி அதே அளவு ஏற வேண்டும். லோடு மாறும் நொடிகளில் சி.டி. இருந்தும் கொஞ்சம் வெளியே கசியும். பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் அதையும் உங்கள் செலவாகவே எண்ணிவிடும், அதனால் இருவழி மீட்டருக்கு (நெட் மீட்டர்) இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மோட்டாருக்கு 11.30 மணிக்கு டைமர் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டர் போட்டபின் லைட் போட்டாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது. எடுத்துவிடலாமா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: அதை மட்டும் எடுக்காதீர்கள் ஐயா, அது உயிர் காக்கிற பொருள். பேஸை மட்டும் பேக்கப் டிபிக்கு மாற்றிவிட்டு நியூட்ரலை மெயின் டிபியின் பழைய நியூட்ரல் பட்டையிலேயே விட்டிருப்பார்கள். பேக்கப் வழியாகப் போகும் கரண்ட் மெயின் வழியாகத் திரும்பினால், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு 9 வாட் பல்பே கிட்டத்தட்ட 40 மில்லிஆம்ப் இழுக்கும், விழாமல் என்ன செய்யும்! மாடிப்படி டூ-வே சுவிட்சை முதலில் சோதியுங்கள், பெரும்பாலும் நியூட்ரல் கலப்பு அங்கேதான். பேக்கப் நியூட்ரல் தனியாகவே போய்த் தனியாகவே திரும்பட்டும். ஈ.பி. போனதும் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே இன்வெர்ட்டருக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் ஆர்சிசிபி இருந்தும் காப்பாற்றாது.

கேள்வி: பேனல் பக்கம் சாதாரண ஏ.சி. எம்சிபி போதுமா? - வாசகர், தென்காசி

பதில்: போதாது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்துபோகும், அதனால் சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானாக அணையும். பேனல் தரும் டி.சி.க்கு அப்படி இல்லை. பத்து பேனல் தொடராக இருந்தால் கிட்டத்தட்ட 490 வோல்ட், அந்தப் பொறி விடாமல் எரிந்து பாக்ஸையே உருக்கிவிடும். டி.சி. எம்சிபி வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டுங்கள். வெயிலில் பேனல் கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் இன்வெர்ட்டரையும் டி.சி. சுவிட்சையும் ஆஃப் செய்துவிடுங்கள்.