பழைய ராணுவ லாரியின் டேஷ்போர்டு பல்பை மாற்றுவது எப்படி? எச்சரிக்கை பஸ்ஸர் கத்தவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

முதலில் வோல்டேஜ். அமெரிக்க எம்35 போன்ற லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். கார் பல்பைப் போட்டால் போட்ட கையோடு போய்விடும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விளக்கின் முன்மூடியைத் திருகி எடுங்கள். பல்பை லேசாக அமுக்கி இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். விரல் நுழையாவிட்டால், பல்பின் தலையில் இறுகப் பிடிக்கும் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகித் திருப்பலாம். புதுப் பல்பும் எரியவில்லையா? பல்பைக் குறை சொல்லாதீர்கள். ஹோல்டருக்குள் பச்சையாகப் பூத்திருக்கும், அல்லது அடுக்கடுக்காக அடித்த பெயின்ட் எர்த்தைத் தடுத்திருக்கும். உப்புத்தாளால் சுரண்டுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், தண்ணீர் இறங்கும் வழி அதுதான். எல்இடி போடலாம், ஆனால் டர்ன் சிக்னலில் போட்டால் பழைய ஃபிளாஷர் ஒழுங்காகச் சிமிட்டாது.

இதைவிட முக்கியம் காற்றழுத்த பஸ்ஸர், அதாவது பிரேக்குக்கான காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் பஸ்ஸர். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, மெயின் ஸ்விட்சை மட்டும் போடுங்கள். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் அழுத்தம் இறங்கும். காற்றழுத்த மீட்டரின் முள் 60 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பக்கம் வரும்போது பஸ்ஸர் அலற வேண்டும். அலறவில்லை என்றால் அழுத்த ஸ்விட்சைத் தாண்டி நேராக வயர் கொடுத்துப் பாருங்கள். இப்போது சத்தம் வந்தால் ஸ்விட்ச் போச்சு. வராவிட்டால் பஸ்ஸரோ வயரோ. சத்தம் காதைத் துளைக்கிறதென்று சிலர் வயரையே பிடுங்கிவிடுவார்கள். வாங்கிய வண்டி என்றால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.