பீஸ் பில்டிங் படிச்சா வேலை கிடைக்குமா? ஒரு அம்மாவோட கேள்விக்குப் பதில்

வணக்கம்மா. பொண்ணு டிகிரி முடிக்கப் போறா, அடுத்து அமைதி, மோதல் தடுப்பு பத்திதான் மாஸ்டர்ஸ் பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, இது சோறு போடுமா, போற எடத்துல பத்திரமா இருப்பாளான்னு கேட்டிருக்கீங்க. பயம் நியாயமானதுதான். நேராவே சொல்லிடறேன், வேலை இருக்கு. ஆனா அது பெரும்பாலும் நீங்க நெனைக்கிற ஐ.நா. ஆபீசர் போஸ்ட்டா இருக்காது, ரெண்டு மூணு அமைப்பு சேந்து வேலை செய்யற எடத்துலதான் இருக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி இப்பவே தயாராகணும்.

ஏன்னா ஒரு நாட்டுல பிரச்சனை வெடிக்கப் போகுதுன்னா இப்பல்லாம் ஐ.நா. தனியா போய் இறங்கறது கம்மி. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற காம்பியாங்கற சின்ன நாட்டையே எடுத்துக்கோங்க. 2016 டிசம்பர் தேர்தல்ல அப்ப அதிபரா இருந்த யாஹ்யா ஜாமே தோத்தார், மொதல்ல தோல்விய ஒத்துக்கிட்டார், ஒரு வாரத்துல பல்டி அடிச்சிட்டார். உடனே எக்கோவாஸ்ங்கற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கூட்டமைப்புத் தலைவர்கள் நேர்லயே போய் பேசினாங்க, கூடவே ஐ.நா. பிரதிநிதி முகமது இபின் சாம்பாஸும் போனார், ஜனவரி 19க்கு அப்புறம் உங்கள அதிபரா ஏத்துக்க மாட்டோம்னு ஆப்பிரிக்க யூனியன் சொல்லிடுச்சு, அதே 19ஆம் தேதி ஜெயிச்ச அடாமா பாரோ செனகல்ல இருக்கற காம்பியா தூதரகத்துல பதவியேத்தார், அன்னைக்கே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2337ஆம் தீர்மானத்தப் போட்டுது, எக்கோவாஸ் படையும் எல்லையத் தாண்டிச்சு, 21ஆம் தேதி ஜாமே நாட்ட விட்டே கிளம்பிட்டார். போர் மூளாமலே முடிஞ்சுது.

அந்தத் தீர்மானத்துல எக்கோவாஸுக்கு ஆதரவு உண்டு, ஆனா முதல்ல அரசியல் வழியிலதான்னு ஒரு வரி இருக்கு. ஐ.நா. சாசனத்தோட 8ஆம் அத்தியாயத்துல, பிராந்திய அமைப்புகள் சண்டையப் பேசித் தீக்கலாம், ஆனா பலத்தப் பிரயோகிக்கணும்னா பாதுகாப்பு கவுன்சில் அனுமதி வேணும்னு இருக்கு. இந்த ரெண்டையும் சேத்துப் படிச்சு, யார் எதுவரைக்கும் போகலாம்னு ஒண்ணரைப் பக்கத்துல தெளிவா எழுதித் தர்ற ஆளுதான் இந்தத் துறைக்கு வேணும். உங்க பொண்ணுக்கு எழுத வருமா? மார்க்க விட அதத்தான் நான் முதல்ல பாப்பேன்.

இன்னொண்ணு, தனி நாடு கேட்டுப் போராளிங்க அரசாங்கத்தோட சண்டை போட்ட இந்தோனேசியாவோட ஆச்சே மாகாணம். 2005ல பேச்சுவார்த்தைய நடத்துனது பின்லாந்து முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியோட சின்ன தனியார் அமைப்பு. அப்புறம் ஒப்பந்தத்தக் கண்காணிச்சது ஐரோப்பிய யூனியனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பான ஆசியான்ல இருந்து வந்த 5 நாடுகளும். போராளிங்க 840 ஆயுதத்த ஒப்படைக்கணும், வந்த ஒவ்வொரு துப்பாக்கியையும் கையில எடுத்துப் பாத்து இது கணக்குல சேரும், இது சேராதுன்னு முடிவு பண்ணி, சேந்தத அங்கயே வெட்டி நாசம் பண்ணணும். அந்தக் கணக்குல தப்பு வந்தா ரெண்டு தரப்புக்கும் நம்பிக்கை போயிடும். ஐ.நா. பேர் இல்லாமலும் எவ்வளவு முக்கியமான வேலை நடக்குதுன்னு இதுலயே தெரியும்.

இப்ப தகுதி. வெறும் மாஸ்டர்ஸ் மட்டும் போதாதும்மா. கூட கைல ஒரு தொழில் வேணும், சட்டமோ, டேட்டாவோ, ப்ராஜெக்ட் பட்ஜெட்டோ ஏதாவது ஒண்ணு. பிரெஞ்சு கட்டாயம் படிக்கச் சொல்லுங்க, ஐ.நா. செயலகத்துல அது வேலை மொழி, ஆப்பிரிக்க யூனியன், எக்கோவாஸ் ரெண்டுலயும் ஆட்சி மொழி. அப்புறம் பல பேர் கவனிக்காம விடற விஷயம், ஆப்பிரிக்க யூனியன், ஐரோப்பாவோட பாதுகாப்பு, ஒத்துழைப்புக்கான ஓ.எஸ்.சி.ஈ. மாதிரி அமைப்புங்க பொதுவா உறுப்பு நாட்டுக் குடிமக்களத்தான் வேலைக்கு எடுப்பாங்க. அதனால வெளிநாட்டு ஆளுக்கு வழி, அடிஸ் அபாபால ஆப்பிரிக்க யூனியன்கூட சேந்து வேலை செய்யற ஐ.நா. ஆபீஸ் மாதிரி எடங்களும், ஐ.நா., பிராந்திய அமைப்புங்கன்னு ரெண்டு பக்கத்தோடயும் பழகற, மோதல்கள ஆராய்ஞ்சு அறிக்கை எழுதற இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப் மாதிரி தனியார் அமைப்புகளும்தான்.

பணம் பத்தியும் சொல்லிடறேன். ஐ.நா. செயலகத்துல இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, செலவு உங்க தலைலதான் விழும். ஐ.நா. வாலண்டியர் வேலைக்கு வாழ்க்கைச் செலவுக்கு அலவன்ஸ் தருவாங்க, அது நல்ல ஆரம்பம். ஐ.நா.ல இளைஞர்கள வேலைக்கு எடுக்க, 32 வயசுக்குள்ள எழுதற ஒய்.பி.பி.ங்கற பரீட்சை இருக்கு, ஆனா எந்தெந்த நாட்டுக்காரங்க எழுதலாம்ங்கற லிஸ்ட் வருஷா வருஷம் மாறும். ஐ.நா.ல பணத் தட்டுப்பாடு, 2025ல இருந்து ஆள் குறைப்பு வேற நடக்குது, பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான், பென்ஷன் வேலைன்னு நம்பி அனுப்பாதீங்க.

பாதுகாப்புக்கு வரேன். எல்லா வேலையும் சண்டை நடக்கற ஊர்ல இல்ல, நியூயார்க், ஜெனீவா, வியன்னா, நைரோபின்னு டெஸ்க் வேலைங்க நெறைய. ஆபத்தான எடம்னா ஃபேமிலியக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அவங்களே குறிச்சு வெச்சிருப்பாங்க, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அது தெரிஞ்சிடும், வேணாம்னா அப்ளை பண்ணாம விட்டுடலாம்.

இந்த வாரம் ஒண்ணு செய்யச் சொல்லுங்க. ஐ.நா. வேலைவாய்ப்பு பக்கத்துலயும் கிரைசிஸ் குரூப் பக்கத்துலயும் ஜூனியர் லெவல்ல வந்திருக்கற அறிவிப்புங்கள எடுத்து என்ன கேக்கறாங்கன்னு வரி வரியா படிச்சு, தன்கிட்ட இல்லாதத ஒரு தாள்ல எழுதட்டும். அந்தத் தாள எனக்கு அனுப்புங்க, அதப் பாத்துட்டுதான் எந்த யுனிவர்சிட்டி, எந்த கோர்ஸ்னு பேசணும், அதுவரைக்கும் அட்மிஷன் ஃபீஸ் எதுவும் கட்டிடாதீங்க.