கையெழுத்திடாதவர்களும் ஒப்பந்தமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் கையெழுத்திடவில்லை. ஆயுதம் இல்லாதவர்கள் கூடி ஆயுதத்தைத் தடை செய்து என்ன பயன்? மக்கள் அமைப்புகள் இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பது வீண் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஒப்பந்தத்தால் இதுவரை ஓர் அணுகுண்டுகூட அழிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் உழைப்பு வீண் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுகள் அசைவதற்கு முன்னால் மக்கள் அசைய வேண்டியிருக்கிறது.

1958 இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் சேர்ந்து குழந்தைகளின் பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளில் வெளியான ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் படிந்து, பசுவின் வழியே பாலில் கலந்து, கால்சியத்தைப் போலவே எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கும். பல்லை அனுப்பிய குழந்தைக்கு ‘என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்’ என்ற வாசகத்தோடு ஒரு பேட்ஜ் கிடைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறத்தாழ 3 லட்சம் பற்கள் சேர்ந்தன. 1963இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வளிமண்டலச் சோதனைகளைக் கைவிட ஒப்புக்கொண்டதற்குக் காரணங்கள் பல. பிள்ளைகளின் பல்லில் குண்டின் எச்சம் இருக்கிறது என்றறிந்த பெற்றோரின் அச்சமும் அவற்றுள் ஒன்று.

அணு ஆயுதங்களை ஒழிப்பதற்காக 2007இல் தொடங்கிய ‘ஐகேன்’ (ICAN) என்ற மக்கள் அமைப்புகளின் கூட்டியக்கம் செய்ததும் இதைப் போன்றதே. யாரிடம் எத்தனை குண்டு என்று சுற்றிச் சுற்றி வந்த பேச்சை, 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஓஸ்லோ, நயாரித், வியன்னா மாநாடுகளின் வழியே, குண்டு விழுந்தபின் காயம்பட்டவர்களுக்கு யார் சிகிச்சை தர முடியும் என்ற கேள்விக்கு அது கொண்டுவந்தது. போதிய உதவியைச் செய்யும் திறன் எந்த அரசுக்கும் இல்லை என்று செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தவர்கள் அந்த மாநாடுகளில் தங்கள் அனுபவத்தைப் பேசினார்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதையும் நஞ்சான மண்ணைச் சீர்செய்வதையும் ஒப்பந்தத்தின் 6, 7ஆம் பிரிவுகள் கடமையாக்குகின்றன. என் பார்வையில் அதன் உயிர்நாடி இவைதான். செமிபலாட்டின்ஸ்க் என்ற இடத்தில் சோவியத் ஒன்றியத்தின் 456 அணுகுண்டுச் சோதனைகளைத் தாங்கிய கஜகஸ்தானும், தன் தீவில் பிறர் குண்டு வெடித்துப் பார்த்ததைக் கண்ட பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியும் இதற்கான முயற்சியை முன்னின்று நடத்துகின்றன. வல்லரசுகள் கையெழுத்திடும்வரை இந்த வேலை காத்திருக்க வேண்டியதில்லை.

தனிமனிதர் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். பாரிஸ், மான்செஸ்டர், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்கள், தங்கள் நாட்டு அரசுகள் மறுத்தும், ஒப்பந்தத்தை வெளிப்படையாக ஆதரித்திருக்கின்றன. குண்டு விழுவது நகரங்களின் மேல்தான் என்பதால் அந்த உரிமை அவற்றுக்கு உண்டு. உங்கள் மாநகராட்சி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஓய்வூதிய நிதி அணு ஆயுத உற்பத்தி நிறுவனங்களில் முதலீடு செய்திருக்கிறதா என்றும் எழுத்துமூலம் கேளுங்கள்.