ஆற்றின் நடுவே ஒரு கோடு

அன்புள்ள ஐயா,

மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைத் திருத்தி அமைக்கும் மறுவரையறை வந்தால் தமிழ்நாடு மக்களவை இடங்களை இழக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டெல்லிக்காரன் எடுக்கப்போறது இருக்கட்டும்டா. நம்ம தொகுதிய 2008-லயே எடுத்துட்டாங்களே, அத எழுதுனாரா?" என்றார்.

எங்களுக்கு வலங்கைமான் வட்டத்தில் சின்ன கிராமம். வலங்கைமான் என்ற தொகுதி இப்போது கிடையாது. சட்டமன்றத்துக்கு நன்னிலம், மக்களவைக்கு நாகப்பட்டினம், கலெக்டர் ஆபீசுக்குத் திருவாரூர். ஆனால் படிப்பு, ஆஸ்பத்திரி, துணிமணி எல்லாவற்றுக்கும் நாங்கள் ஏறுவது கும்பகோணம் பஸ்தான். கோடு எங்கே போட்டால் என்ன, கூப்பிட்டால் ஆள் வந்தால் போதாதா என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பதால் பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், வலங்கைமான் வட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொன்னது சரி. நான் அதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

2002-இல் அமைந்த மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகையை வைத்து எல்லைகளைத் திருத்தியது. 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது. நாம் புதிய எல்லைகளில் முதலில் வாக்களித்தது 2009 மக்களவைத் தேர்தலில், பிறகு 2011 சட்டமன்றத் தேர்தலில். தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற இடங்களும் 39 மக்களவை இடங்களும் மாறவில்லை. அதனால் எதுவும் போகவில்லை என்றே பலரும் நினைத்தோம். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்களில் வலங்கைமான், குத்தாலம், திருவோணம் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. புதிதாக வந்தது கீழ்வேளூர் ஒன்று. 20 பேர் பேசிய இடத்தில் 18 பேர் ஆனார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித்தொகுதியாக இருந்த திருவாரூர் பொதுத்தொகுதியானது, பொதுவாக இருந்த திருவிடைமருதூர் தனித்தொகுதியானது. வலங்கைமானும் தனித்தொகுதிதான். அது போனபோது ஒரு ஊரின் பெயரோடு, அந்த வட்டாரத்துத் தலித் மக்கள் தங்களில் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த வழியும் போயிற்று. அப்பாவின் வருத்தத்தில் இதுவும் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

உங்கள் வட்டத்துக்கு இது இரண்டாவது முறை. 1997-இல் திருவாரூர் மாவட்டம் உருவானபோதே வலங்கைமானைத் தஞ்சாவூரிலிருந்து எடுத்து அதில் சேர்த்தார்கள். கும்பகோணத்துக்குக் கூப்பிடு தூரத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிற ஊர். ஊர் மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு கும்பகோணம் வழியாகத்தான் வருகிறது. இப்போதைய மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் கும்பகோணமும் பாபநாசமும் திருவிடைமருதூரும் இருக்கின்றன. பக்கத்திலிருக்கிற நீங்கள் மட்டும் கடற்கரையோரத்து நாகப்பட்டினத்தோடு.

கோட்டுக்கும் ஆள் வராததற்கும் தொடர்பு உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. உண்டு. எங்கள் ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு சிற்றாறு எங்கள் ஊருக்கும் அக்கரை ஊருக்கும் நடுவே ஓடுகிறது. அக்கரையில் பள்ளிக்கூடம், இக்கரையில் நெல் கொள்முதல் நிலையம். நடுவில் மூங்கில் பாலம். மறுவரையறைக்குப் பின் அக்கரை ஒரு தொகுதி, இக்கரை வேறு தொகுதி. ஒரு ஐப்பசி வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. சிமெண்ட் பாலம் கேட்டு இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகத்துக்கும் மனு எடுத்துக்கொண்டு நடந்தோம். "பாதிப் பாலந்தானுங்க நம்ம தொகுதில வருது" என்றார் ஓர் உதவியாளர். அவர் கெட்டவர் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியைத் தன் தொகுதிக்குள்தான் செலவழிக்க முடியும், அது உண்மைதான். பாலம் வர ஆறு வருஷம் ஆயிற்று. அதுவரை பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள்.

காவிரி டெல்டாவில் ஆறு எல்லை கிடையாது. நிலப்படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு ஆறு வசதியான கோடாகத் தெரிகிறது. நமக்கோ இரண்டு கரையையும் சேர்த்துக் கட்டுவதே அதுதான். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில் நின்று பாருங்கள். அங்கே எந்த ஷட்டர் எத்தனை அடி ஏறுகிறது என்பது, கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் கடைமடையில் சம்பா பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. தலைப்பு ஒருவர் தொகுதியிலும் கடைமடை இன்னொருவர் தொகுதியிலும் இருந்தால், தண்ணீர் வராத நாளில் கடைமடைக்காரன் யாரிடம் போய் நிற்பான்? தன் உறுப்பினரிடம் போனால் "மேல விடல" என்பார். மேலே இருப்பவருக்கு இவன் வாக்காளனே இல்லை.

மறுவரையறைச் சட்டம் மக்கள்தொகையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. நிலப்பரப்பு முடிந்தவரை கச்சிதமாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி எல்லாவற்றையும் கருத வேண்டும் என்கிறது. உங்கள் கும்பகோணம் பஸ்ஸும் என் மூங்கில் பாலமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிற விஷயங்கள்தாம்.

அடுத்து வரப்போவது பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காக இடங்களை இழக்கக் கூடாது என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் இந்தியாவுக்குள் தமிழ்நாடு எந்த நிலையில் இருக்கிறதோ, தமிழ்நாட்டுக்குள் டெல்டா அதே நிலையில் இருக்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் வளர்ந்தது. நம் மூன்று மாவட்டங்களும் எட்டரை சதவீதத்தை ஒட்டியே வளர்ந்தன. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 சதவீதம். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ரேஷன் கார்டு ஊரில் இருந்தாலும் கணக்கெடுப்பில் எண்ணப்படுவது வசிக்கிற இடத்தில்தான்.

2011 கணக்கின்படி மாநிலத்தில் சராசரியாகத் தொகுதிக்கு 3.08 லட்சம் பேர். நம் மூன்று மாவட்டங்களில் சுமார் 52.87 லட்சம் பேர். வகுத்தால் 17 தொகுதிதான் வருகிறது, இருப்பதோ 18. அடுத்த கணக்கெடுப்பில் இது இன்னும் இறங்கும். டெல்லியில் நாம் ஜெயித்து 39-ஐக் காப்பாற்றினாலும் இது நடக்கும். இதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதை நான் கேட்கவில்லை.

சென்னையை ஒட்டி வேகமாக வளர்ந்த சோழிங்கநல்லூர்க்காரர் இதை வாசித்தால் கோபப்படுவார், அதில் நியாயமும் உண்டு. 2021-இல் அவர் தொகுதியில் 6 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். கீழ்வேளூரில் 2 லட்சம்கூட இல்லை. அவருடைய வாக்குக்குக் கீழ்வேளூர்க்காரர் வாக்கில் மூன்றில் ஒரு பங்குகூட மதிப்பு இல்லை என்றால் அது அநீதி. அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் நன்னிலத்திலிருந்து எடுத்துத்தான் சோழிங்கநல்லூருக்குக் கொடுக்க வேண்டுமா? தமிழகச் சட்டமன்றம் 1967-லிருந்து 234-இலேயே நிற்கிறது. மாநிலச் சட்டமன்றத்தில் 500 பேர் வரை இருக்க அரசியலமைப்பு இடம் தருகிறது. மொத்தத்தைக் கூட்டி, வளர்ந்த ஊர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கலாம். நாற்று நடும் ஊர்களின் உறுப்பினரை இன்னும் தொலைவுக்குத் தள்ள வேண்டியதில்லை. என் நிலைப்பாடு இதுதான்.

புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 2008-இல் அந்த மக்களவைத் தொகுதியே போயிற்று. மாவட்டம் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என்று நான்காகப் பிரிந்து போனது. நான்கு எம்.பி.க்கள், ஆனால் மாவட்டத் தலைநகரின் பெயரில் ஒருவரும் இல்லை. அங்குள்ளவர்கள் இன்றும் அந்தத் தொகுதியைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது. ஆணையம் முதலில் வரைவை வெளியிடும், ஆட்சேபங்களைப் பெறும், மாநிலத்தில் பொது அமர்வு நடத்தும். அதோடு இணைந்து உட்காரும் நம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குப் பேச்சுரிமை உண்டு, வாக்குரிமை இல்லை. இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது சட்டம். 2008-க்கு முன்னால் அந்த வரைவு வந்தபோது எங்கள் ஊரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த ஆற்றைப் பற்றி நான்கு வரி எழுதிப் போட்டிருப்பேன்.

எனவே அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் கிராமத்து வாய்க்கால் எந்த ஆற்றில் எந்த மதகில் பிரிகிறது, அதே மதகில் தண்ணீர் வாங்கும் மற்ற ஊர்கள் எவை, அவற்றில் எவை இன்று எந்தத் தொகுதியில் இருக்கின்றன. வருவாய் கிராமத்தின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து ஊர் பாசனதாரர்களையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக்கு நான் எழுத ஆரம்பித்துவிட்டேன், இதுவரை பதினோரு ஊர் ஆகியிருக்கிறது. தாளடி அறுவடை முடிந்ததும் வலங்கைமான் வருகிறேன். இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். அப்பாவுக்கு என் வணக்கம்.