ஏறுகிற வேகத்தைச் சொல்லுங்கள்: சூடாகும் பிராசசர் பற்றிய கேள்வி பதில்

சொந்தமாகக் கூட்டிய கணினியில் பிராசசர் கொதிக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். "90 காட்டுகிறது", "100-ஐத் தொட்டுவிட்டது" என்று எண்ணை மட்டும் எல்லோரும் தவறாமல் குறித்திருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கு ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதியவர் ஒரே ஒருவர். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதோடு எப்போதிலிருந்து என்றும் மருத்துவர் கேட்பார் அல்லவா, அதே கதைதான்.

கேள்வி: நேற்றுதான் கூட்டி முடித்தேன். பயாஸ் திரையிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) 80 டிகிரி. விண்டோஸில் எதையாவது திறந்தால் கண் இமைப்பதற்குள் 100. கூலரின் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. பிராசசரே பழுதா?

பதில்: பிராசசர்மீது பழி போடாதீர்கள். கூலர் அதைச் சரியாகத் தொடவில்லை. அரைக் கிலோ உலோகம் ஒழுங்காக மேலே உட்கார்ந்திருந்தால், அந்த உலோகம் சூடேறவே சிறிது நேரம் வேண்டும். ஓரிரு நொடியில் உச்சிக்குப் போகிறதென்றால் வெப்பம் கூலருக்குள் நுழையவே இல்லை. ஃபேன் இறக்கையில் படாமல் ஹீட்சிங்கின் (கூலரின் உலோகப் பகுதி) அடிப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். திரையில் 100, கையில் சில்லென்று இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள். முதலில் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தேடுங்கள். சிரிக்க வேண்டாம், நானே ஒருமுறை அதை உரிக்க மறந்து, ஒரு மாலை முழுவதும் பயாஸ் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன். கழற்றியபோது, "பொருத்தும் முன் அகற்றவும்" என்ற எச்சரிக்கையின் மேலேயே தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் பசை) அழகாகப் பரவியிருந்தது.

கேள்வி: மேலே கேட்டவன்தான். கழற்றிவிட்டேன். தாள் எதுவும் இல்லை. பேஸ்ட் ஒரு மூலையில் மட்டும் நசுங்கியிருக்கிறது, எதிர் மூலையில் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. இன்டெல் பெட்டியோடு வந்த கூலர்.

பதில்: அந்தப் பேஸ்டின் தடம் ஒரு கைரேகை மாதிரி. எதிர் மூலையின் பின் பிடிக்கவில்லை என்று அதுவே சொல்லிவிட்டது. அந்தக் கூலரின் நான்கு கறுப்புப் பின்களின் தலையிலும் ஒரு அம்புக்குறி இருக்கும். அது பொருத்தும் திசை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கழற்றும் திசை. பொருத்துவதற்கு முன் நான்கையும் அம்புக்கு எதிராகத் திருப்பி வையுங்கள். பிறகு குறுக்காக எதிரெதிர் இரண்டு பின்களை ஒரே நேரத்தில் அழுத்துங்கள், 'டிக்' என்று கேட்க வேண்டும். அடுத்து மற்ற இரண்டு. மதர்போர்டைப் புரட்டிப் பாருங்கள்: நான்கு துளைகளிலும் வெளிர்நிறக் கால்கள் முழுதாக வெளியே வந்து, நடுவில் கறுப்புப் பின் புகுந்து அவற்றை விரித்திருக்க வேண்டும். இதைக் கேபினெட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள், பின்பக்கம் தெரியாது. பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைப்பது? பட்டாணி அளவா, முழுக்கத் தடவ வேண்டுமா?

பதில்: இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: பேஸ்ட் நல்ல வெப்பக் கடத்தி அல்ல. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 என்றால், நல்ல பேஸ்டுக்கு 10 கூடக் கடினம். ஆனால் காற்றுக்கு 0.03 கூட இல்லை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே முழுப் பரப்பும் மூடினால் சரி. கொஞ்சம் கூடினால் ஓரத்தில் பிதுங்கும், குறைந்தால்தான் கேடு. நீள்சதுரப் பிராசசருக்கு நடுவில் ஒரு கோடு வையுங்கள். திரவ உலோகம் என்று விற்பதை மட்டும் முதல்முறைக்காரர்கள் தொட வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

கேள்வி: விளையாட ஆரம்பித்தால் முதல் 5 நிமிடம் 70 டிகிரிதான். அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல 92 ஆகிறது. கூலரை மாற்றலாமா?

பதில்: நேரத்தைக் குறிப்பிட்ட அந்த ஒருவர் நீங்கள்தான், நன்றி. கூலரை மாற்ற வேண்டாம். மெதுவாக ஏறுவது கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று. கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவைத்து அதே விளையாட்டை அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். 10 டிகிரி இறங்கினால் கூலர் நிரபராதி. கிராபிக்ஸ் கார்டு வெளியே தள்ளுகிற சூட்டையே அது திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஃபேன்களின் திசையைச் சரிபாருங்கள். பெரும்பாலான ஃபேன்களில் குறுக்குச் சட்டங்கள் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றும் இருந்து, மூன்றுமே வெளியே ஊதுகிற கணினிகளைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய காகிதத் துண்டை அருகில் பிடித்தால் ஒட்டுகிறதா, பறக்கிறதா என்பது தெரிந்துவிடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் என்றால் அதன் அழகுக்கு நீங்கள் டிகிரியில் விலை கொடுக்கிறீர்கள்.

கேள்வி: திரவக் கூலர். ஒரு நிமிடத்துக்குள் 95-ஐத் தாண்டுகிறது. ரேடியேட்டர் ஃபேன்கள் முழு வேகத்தில் கத்துகின்றன, வெளியே வரும் காற்றோ குளிர்ச்சியாக இருக்கிறது.

பதில்: பிராசசரின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துப்போகும் நீர் ஓடவில்லை. இரண்டு குழாய்களையும் பிடித்துப் பாருங்கள். பம்ப் ஓடினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். ஒன்று சுட்டு மற்றொன்று சில்லென்றிருந்தால் பம்ப் நின்றிருக்கிறது. பம்ப் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் அதன் மின்இணைப்பு முழுதாகச் செருகியிருக்கிறதா, பயாஸில் பம்பின் சுழற்சி வேகம் காட்டுகிறதா என்று பாருங்கள். மதர்போர்டு பம்பையும் ஒரு ஃபேன் என்று நினைத்து வேகத்தைக் குறைத்திருக்கலாம், அதை எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி மாற்றுங்கள். சலசலவென்று சத்தம் கேட்டால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கிறது. ரேடியேட்டரின் மேல்நுனி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி பொருத்தினால் காற்று அங்கே போய் ஒதுங்கிவிடும்.

கேள்வி: ரைசன் 7700எக்ஸ். எந்தக் கூலர் போட்டாலும் முழு வேலையில் 95 டிகிரி.

பதில்: 2022-இல் வந்த அந்த வரிசையை 95 டிகிரி வரை போய், அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் ஏஎம்டி வடிவமைத்தது. நல்ல கூலர் போட்டால் வெப்பம் குறையாது, வேகம் கூடும். எண் கண்ணை உறுத்தினால் பயாஸில் ஈகோ மோடை (மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் அமைப்பு) இயக்குங்கள்.

கேள்வி: கோர் ஐ9-13900கே. 125 வாட் என்று போட்டிருக்கிறார்கள். 150 வாட் தாங்கும் கூலர் வாங்கினேன், அப்படியும் 100 டிகிரி.

பதில்: 125 என்பது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. டர்போவில் (வேலை கூடும்போது தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் நிலை) அதே பிராசசருக்கு இன்டெல் தரும் எண் 253 வாட். சில மதர்போர்டுகள் அந்த வரம்பையும் எடுத்துவிட்டுத்தான் உங்கள் கைக்கு வருகின்றன. பயாஸில் மின்வரம்பை நீங்களே 150-க்குள் குறையுங்கள். விளையாட்டில் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் திணறுவீர்கள். வீடியோ ரெண்டர் செய்தால் தெரியும்.

கேள்வி: 3 வருடம் சாதுவாக இருந்த கணினி, ரைசன் 5600, இப்போது 90-ஐத் தொடுகிறது.

பதில்: தூசியைத் துடைத்து, பேஸ்டை மாற்றுங்கள். கூலரை மட்டும் நேராக மேலே இழுக்காதீர்கள். உங்கள் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பிராசசரின் அடியிலுள்ள பின்கள் வளைந்துபோகும். 10 நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியை உருவி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

கேள்வி: எதுவும் திறக்காதபோதே 75. டாஸ்க் மேனேஜரை (ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸ் கருவி) திறந்த உடனே இறங்கிவிடுகிறது.

பதில்: உங்களைக் கண்டதும் எதோ ஒளிந்துகொள்கிறது. கிரிப்டோ நாணயம் தோண்டுகிற திருட்டு மென்பொருள்களின் பழக்கம் இது. கூலரை விடுங்கள், முதலில் வைரஸ் சோதனை.

கேள்வி: விளையாடும்போது 70 டிகிரியில் பட்டென்று அணைந்துவிடுகிறது.

பதில்: இது பிராசசரின் சூடாக இருக்க வாய்ப்பில்லை. சூடு கூடினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். 70-இல் இரண்டுமே நடக்காது. பவர் சப்ளையைச் சோதியுங்கள்.