இருபது வருடமாக அடுத்த வீட்டில்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் துப்பறியும் கதை வரிசையை முதல் புத்தகத்திலிருந்து விடாமல் படித்துவருகிறேன். பதினோராவது புத்தகம் சென்ற வாரம் கைக்கு வந்தது. அதில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் வருகிறார். கதாநாயகியின் வீட்டுக்குக் கிழக்கே இருபது வருடமாகக் குடியிருக்கிறார், சிறுவயதில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அவள் அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடினார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு வேண்டப்பட்டவர் முதல் பத்துப் புத்தகங்களில் எங்கே போயிருந்தார்? மூன்றாவது புத்தகத்தின் 41ஆம் பக்கத்தில் அதே கிழக்குப் பக்கம் 'முள் மண்டிய காலி மனை' என்று இருக்கிறது. நான்காவதில் நள்ளிரவில் வீட்டுக்குள் ஆள் புகுந்தபோது அவள் மூன்று தெரு தள்ளியிருக்கும் தோழியின் வீட்டுக்கு ஓடுகிறாள். அடுத்த வீட்டிலேயே அப்பாவின் நண்பர் இருக்கும்போது யாராவது அப்படி ஓடுவார்களா?

தேவைப்படும்போதெல்லாம் இப்படி அண்டைவீட்டுக்காரர்களை முளைக்க வைப்பது வாசகனை முட்டாளாக்குவது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பின்குறிப்பு: முதல் இரண்டு புத்தகங்களில் மாடியில் குடியிருந்த வயலின் ஆசிரியை என்ன ஆனார்?

கே.

அன்புள்ள கே.,

41ஆம் பக்கம் என்று படித்ததுமே எழுந்துபோய் மூன்றாவது புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். காலி மனை இருக்கிறது. முள் இருக்கிறது. போதாததற்கு, மண்ணில் பாதி புதைந்த ஒரு வண்டிச் சக்கரத்தையும் வைத்திருக்கிறேன். எழுதிய காலத்தில் அந்தச் சக்கரத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. காலி மனையில் ஒருவர் இருபது வருடம் குடியிருக்க முடியாது. பிழை என்னுடையது. மன்னிக்கவும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, மனை. அதில் நீங்கள் சொல்வது சரி. மற்றது, தொடர்கதையில் அண்டைவீட்டுக்காரர் திடீரென்று முளைக்கலாமா என்பது. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

நீண்ட தொடர் எழுதுகிறவனுக்கு ஆட்கள் தீர்ந்துபோவார்கள். சொந்தக்காரர் ஒருவரைப் புதிதாகக் கொண்டுவந்தால் இத்தனை நாள் அவரைப் பற்றி ஏன் பேச்சே எழவில்லை என்று விளக்க வேண்டும். அந்நியர் என்றால் அவர் கதைக்குள் நுழைய ஒரு சம்பவம் வேண்டும். அண்டைவீட்டுக்காரருக்கு இரண்டும் தேவையில்லை. ஏணி இரவல் கேட்டு வரலாம். எந்த நேரத்திலும் வரலாம். போகச் சொன்னாலும் இருபது அடி தள்ளித்தான் போவார். கதாசிரியர்கள் மறுபடி மறுபடி அவரிடமே போய் நிற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல.

இதை நேர்மையாகச் செய்யவும் வழி இருக்கிறது. பிரிட்டனில் 1960 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரின் தெருவில் வெகுகாலம் ஒரு பக்கம்தான் வீடுகள் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு தொழிற்சாலையும் சமூகக்கூடமும் இருந்தன. வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்றிருந்த தொடர் 1989இல் மூன்றானது. கதைக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். ஏறத்தாழ அதே சமயத்தில் எதிர்ப்பக்கத்தைக் கதைக்குள்ளேயே இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்டினார்கள். 29 வருடமாக அங்கே இல்லாத அண்டைவீட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பார்வையாளர்கள் கண்முன்னால் செங்கல் செங்கலாக எழுந்த வீட்டில் குடியேறுகிறவரிடம் 'நேற்று எங்கே இருந்தீர்கள்' என்று யார் கேட்கப்போகிறார்கள்?

உங்களைக் கோபப்படுத்தியது இந்த வகை அல்ல என்று தெரியும். 'எப்போதும் இங்கேதான் இருந்தார்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்தான் உங்கள் எதிரி. கதையின் கடந்த காலத்தைப் பின்னாலிருந்து திருத்தும் இந்த வேலைக்கு இப்போது 'ரெட்கான்' என்ற பெயர் பரவலாகப் புழங்குகிறது. பெயர் புதிது. வேலை மிகப் பழையது.

ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கதை 1887இல் வெளியானது. ஆறு வருடம், இரண்டு நாவல்கள், இருபதுக்கு மேற்பட்ட சிறுகதைகள் கழித்து, 1893இல் வந்த ஒரு கதையில் ஹோம்ஸ் போகிறபோக்கில் தனக்கு மைக்ராஃப்ட் என்று ஓர் அண்ணன் இருப்பதாகச் சொல்கிறார். அதுவும் வேறு ஊரில் அல்ல, லண்டனிலேயே, தன்னைவிடக் கூர்மையான மூளையோடு! அண்டைவீட்டுக்காரரைவிட இது பெரிய மோசடி இல்லையா? ஆனாலும் அதைப் படிக்கும்போது நாம் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. ஏன் என்று உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். காரணம் வாட்ஸன், ஹோம்ஸின் கதைகளை நமக்குச் சொல்லும் நண்பர். அந்தக் கதையின் தொடக்கத்திலேயே வாட்ஸன், ஹோம்ஸ் தன் உறவினர்களைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை, அவருக்கு யாரும் உயிரோடு இல்லை என்றே நினைத்துவந்தேன் என்கிறார். பிறகு அண்ணன் பேச்சு வந்ததும் திகைக்கிறார். நாம் எழுத வேண்டிய கண்டனக் கடிதத்தை, கதாசிரியர் கானன் டாயில் வாட்ஸன் கையிலேயே கொடுத்து எழுத வைத்துவிட்டார். கூடவே ஹோம்ஸின் இறுக்கமான வாய்க்கும் அது ஒரு சான்றாகிவிட்டது. அத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த நண்பனிடம்கூட அண்ணனைப் பற்றிச் சொல்லாதவர்!

என் நில அளவையாளரிடம் உள்ள கோளாறு இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அவர் வந்தபோது என் கதைக்குள் யாருமே ஆச்சரியப்படவில்லை. கதாநாயகி கதவைத் திறந்து 'வாங்க மாமா' என்கிறாள். அந்த 'மாமா'தான் உங்களைச் சீண்டியிருக்கிறது. ஆச்சரியம் முழுவதும் உங்கள் ஒருவர் தலையில் விழுந்தது. அதைப் பங்குபோட உள்ளே ஆள் இல்லை.

உள்ளே யாருமே ஆச்சரியப்படாததை வேண்டுமென்றே செய்து வென்றவர்களும் உண்டு. 'பஃபி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாவது பருவத்தில் (சீசனில்), 2000ஆம் ஆண்டில், கதாநாயகிக்கு ஒரு தங்கை இருக்கிறாள். முந்தைய நான்கு பருவங்களில் அவள் இல்லவே இல்லை. ஆனால் அம்மாவும் நண்பர்களும் அவள் பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதுபோல நடந்துகொள்கிறார்கள். பார்ப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். சில அத்தியாயங்கள் கழித்துத்தான், அவளும் அவளைப் பற்றிய எல்லோருடைய நினைவுகளும் மந்திரத்தால் உண்டாக்கப்பட்டவை என்று தெரிகிறது. கடனை வட்டியோடு தீர்த்துவிட்டார்கள். உங்கள் புகாருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்'. 2004இல் தொடங்கிய அந்தத் தொடரின் நான்காவது பருவத்தில் கேத்தரின் என்ற பெண் தெருவுக்குத் திரும்பி வருகிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அங்கேயே குடியிருந்தவளாம். மூன்று பருவங்களாக யாரும் அவளைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அவளுடைய மகளுக்கு அந்த வீட்டில் வாழ்ந்த நினைவே இல்லை. அந்த மறதிதான் அந்தப் பருவத்தின் மர்மம். தொடரில் இருந்த ஓட்டையைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலைக்குள் வைத்துவிட்டார்கள். திருட்டுத்தனம்தான், ஆனால் கைதேர்ந்த திருட்டுத்தனம்.

என்னிடம் மந்திரமும் இல்லை, மறதியும் இல்லை. இருந்தது ஒரு தேவை மட்டும். பதினோராவது கதையில் கதாநாயகியை எட்டு வயதில் பார்த்த ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது. அவள் அப்பா அதற்குப் போதும். ஆனால் அவரை இரண்டாவது புத்தகத்தின் இறுதியில், வாசகர்கள் அழ வேண்டும் என்ற அற்ப ஆசையில், நானே கொன்றுவிட்டேன். செத்தவருக்குப் பதிலாக ஒரு சதுரங்கத் தோழரைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். தொலைக்காட்சித் தொடர்களிலாவது 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போடுகிற கண்ணியம் உண்டு. நான் அதையும் செய்யவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே குத்தியது காலி மனை அல்ல, நான்காவது புத்தகம். மனையைத் திருத்திவிடலாம். மறுபதிப்பில் 'கிழக்கு' என்பதை 'வடக்கு' என்று மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பதிப்பாளர் நண்பர் தொலைபேசியில் சொன்னார். (உங்களுக்குத் தெரியும் என்றேன்.) இதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் நியூமன் என்ற அண்டைவீட்டுக்காரர் 1991இல் முதலில் வெறும் குரலாகத்தான் வந்தார். குரல் கொடுத்தவர் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட். அடுத்த வருடம் நடிகர் வேய்ன் நைட் அந்தப் பாத்திரத்தில் உடலோடு தோன்றினார். பின்னாளில் மறுஒளிபரப்புப் பிரதிக்காக அந்தப் பழைய அத்தியாயத்திலும் நைட்டின் குரலையே பதித்துவிட்டார்கள். முதலில் பார்த்தவர் காதில் ஒரு நியூமன், பிறகு பார்த்தவர் காதில் வேறொரு நியூமன். எனக்கு இதில் ஏனோ மனம் ஒப்பவில்லை. அலமாரியில் பழைய பதிப்பு இருப்பவரைப் பொய்யராக்கும் காரியம் அது.

ஆனால் பயந்தவள் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்பதை எந்த மறுபதிப்பிலும் திருத்த முடியாது. அந்த மூன்று தெருவை அவள் ஓடித்தான் அவளுக்கு யாருமில்லை என்பதை நாம் தெரிந்துகொண்டோம். அந்தத் தனிமையின் மீதுதான் அடுத்த ஆறு புத்தகங்களும் நிற்கின்றன. 'அப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதுமே என்று எனக்குள் இருக்கும் வக்கீல் சொல்லிப் பார்த்தார். போதாது. சண்டை போட்ட அண்டைவீட்டுக்காரர் நண்பரைவிட அதிகமாகக் கண்ணில் படுவார். ஜன்னலைச் சாத்தும் சத்தம், வேண்டுமென்றே திருப்பிக்கொள்ளும் முகம், மதிலுக்கு மேல் நீளும் கிளை பற்றிய தகராறு என்று பத்துப் புத்தகத்திலும் அவர் இருந்திருப்பார்.

ஆகவே மறுபதிப்பில் மாறப்போவது மூன்றாவது புத்தகம் அல்ல, பதினோராவதுதான். அதைத் திருத்தினேன் என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டுவிடுவேன். 'இருபது வருடம்' போகிறது. நில அளவையாளர் அவள் சிறுமியாக இருந்தபோது கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பிறகு வேலை மாற்றலில் தொலைதூரம் போனவர், இப்போது ஓய்வுபெற்று அந்தக் காலி மனையை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறார். நிலத்தை அளந்தே பிழைத்தவர் கடைசியில் அந்த முள்மனையைத் தானே அளந்து வாங்கினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சக்கரத்தைத் தோண்டி எடுத்து வாசலில் சாய்த்து வைத்திருப்பார். அவள் அவரை அடையாளம் கண்டுகொள்ள மாட்டாள். இதற்காக ஒரு புதிய காட்சி எழுத வேண்டும், நான்கு பக்கம் வரும். அவளும் கொஞ்சம் ஆச்சரியப்படட்டும்.

எனக்குள்ள பயம் வேறு. அண்டைவீட்டுக்காரரை உள்ளே விடுவது சுலபம், திரும்ப அனுப்புவதுதான் கடினம். 1989இல் தொடங்கிய 'ஃபேமிலி மேட்டர்ஸ்' ஒரு குடும்பத்தின் கதை. முதல் பருவத்தின் பாதியில், ஒரே ஒரு அத்தியாயத்துக்கு என்று, அடுத்த வீட்டுப் பையன் ஸ்டீவ் அர்க்கல் வந்தான். பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு அந்தத் தொடரே அவனுடையதாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் கடைசி மகள் நான்காவது பருவத்துக்குப் பின் ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல் காணாமல் போனாள். பெற்றோர்கூடத் தேடவில்லை. என் அளவையாளருக்கும் இப்போதே கடிதங்கள் வருகின்றன. அடுத்த புத்தகத்தில் அவருக்குத் தனி வழக்கு வேண்டுமாம். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு நான் என்ன துரத்தல் காட்சி எழுதுவது?

கடைசியாக வயலின் ஆசிரியை. அவர் எங்கும் போகவில்லை. மாடியில்தான் இருக்கிறார். ஏழாவது புத்தகத்தில் மின்சாரம் நின்ற இரவில் மேலே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது அல்லவா, அது அவர்தான்.

இல்லை. இதை இந்த நிமிடம்தான் கண்டுபிடித்தேன். அவரை நான் மறந்தே போய்விட்டேன், கே.

அன்புடன்.